மூன்றாம் கிளாரினெட்

12 செப்டம்பர் 1971, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமையும் ஒத்திகை வைத்தேன். ஆண்டவர் மன்னித்துவிடுவார், பாண்டுக்காரர்கள் முப்பத்தாறு பேரும் மன்னிக்க மாட்டார்கள். மலைமேல் இருக்கும் எங்கள் முகாமில் மழை ஓயாமல் தகரக் கூரையில் அடித்துக்கொண்டிருந்தது. உரக்க வாசிக்கச் சொன்னால் கத்துகிறார்கள், மெதுவாக வாசிக்கச் சொன்னால் தூங்குகிறார்கள்.

அக்டோபர் 24 ரெஜிமென்ட் தின அணிவகுப்பு. ஜெனரல் வருகிறார். அன்று பாண்டு எப்படி வாசிக்கிறதோ அதைப் பார்த்துத்தான் என் பெயர் மேலே போகும் என்று, கர்னலின் ஆபீசைப் பார்த்துக்கொள்ளும் அட்ஜுடன்ட் சாப் ஜாடையாகச் சொல்லிவிட்டார். பதினாறு வயதில் கார்னெட் என்கிற சின்ன ஊதுகொம்பை ஊதச் சேர்ந்தவன் நான். இருபத்தாறு வருஷம் கழித்து நாயப் சுபேதார் ஞானாபரணம், பாண்டு மாஸ்டர், தோளில் ஒரே ஒரு நட்சத்திரம். ஜனவரி 31-க்குள் இரண்டாவது நட்சத்திரம் வந்தால் சுபேதார், இன்னும் நாலு வருஷம் இருக்கலாம். வராவிட்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

இன்றும் முனிரத்தினம் முந்தினான். மூன்றாம் கிளாரினெட் என்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. பாட்டு முதல் கிளாரினெட்டுக்கு. மூன்றாமவனுக்கு இரண்டே சுரம். பெரிய டிரம் ‘டம்’ என்றால் அவன் பின்னால் ‘ப’ என்று வர வேண்டும். டம்-ப, டம்-ப. அவ்வளவுதான். இவன் ‘ப’வை ஒரு மயிரிழை முன்னாலேயே போட்டுவிடுவான். மற்றவர்களுக்குத் தெரியாது. எனக்குப் பல்லில் கல் கடித்த மாதிரி இருக்கும். ஐந்து வருஷமாகக் கத்துகிறேன். “உனக்கு என்ன ரயிலுக்கு நேரமாச்சா?” என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள், அவனும் சிரித்தான். சொரணை இருந்தால் சிரிப்பானா?

மதியம் அட்ஜுடன்ட் ஆபீசிலிருந்து சீட்டு வந்தது. எல்லைக்குப் போயிருக்கும் எங்கள் பட்டாலியன் ஒன்றில் பாண்டு கிடையாது. காயம்பட்டவர்களைத் தூக்க ஆள் வேண்டுமாம். என் பாண்டிலிருந்து ஆறு பேரை அனுப்ப வேண்டும், நாளை மாலைக்குள் பெயர்ப் பட்டியல். ஊரில் யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள், ஆனால் பட்டாளத்தில் இதுதான் வழக்கம். அமைதிக் காலத்தில் வாத்தியம், சண்டை வந்தால் ஸ்ட்ரெச்சர். நானும் தூக்கியிருக்கிறேன், பத்தொன்பது வயதில். அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

13 செப்டம்பர், திங்கள்

பட்டியல் முடிந்தது.

காலையில் லாசர் வந்தான். என் தனிக் கார்னெட் வாசிப்பவன், கால்பந்து அணிக்கும் தலைவன், ஒரு கையால் அரிசி மூட்டையைத் தூக்கித் தோளில் போடுகிற உடம்பு. “சாப், என்னைப் போடுங்க” என்றான். “அணிவகுப்பு அன்னிக்குத் தனி வாசிப்பை யாரு வாசிப்பா, உங்க அப்பனா?” என்று கேட்டு அனுப்பிவிட்டேன்.

டிரம் மேஜர் பொன்னுரங்கத்தை உட்கார வைத்துக்கொண்டு எழுதினேன். அவர் எனக்கு மூன்று வயது மூத்தவர், அதனால் வாய் கொஞ்சம் நீளம். முதல் பெயரைப் பார்த்ததுமே பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

“முனிரத்தினமா? அவன் பெரிய டிரம்மைத் தூக்கினாலே முதுகு வளையுமே சாப்.”

“அவன் போனா வாசிப்புல எதுவும் குறையாது.”

“ஸ்ட்ரெச்சர் தூக்கத் தோளு வேணும் சாப். நீங்க காத வெச்சு ஆள் எடுக்கறீங்க.”

பாண்டு மாஸ்டர் பாண்டைக் காப்பாற்ற வேண்டாமா? ஒவ்வொரு பெயரையும் வாசிப்புத் தேவை கருதித்தான் எழுதினேன். வேறு எந்தக் காரணமும் இல்லை. முதல் பெயர் முனிரத்தினம், இரண்டாவது ஹார்ன் வாசிக்கும் பெரியநாயகம், பிறகு நாலு பேர். ஆறு பேரும் போனால் பாண்டு நன்றாகவே இருக்கும், இன்னும் நன்றாக இருக்கும் என்றுகூடச் சொல்லலாம்.

வீட்டில் மனைவி கிரேஸ் வாழைக்காய் வறுத்திருந்தாள். ருசியாக இருந்தது என்று சொல்ல மறந்துவிட்டேன்.

14 செப்டம்பர், செவ்வாய்

பாண்டு அறையில் எல்லாரையும் நிறுத்திப் பட்டியலைப் படித்தேன். படித்து முடித்ததும் யாரும் அசையவில்லை. ஆறு பேருடைய முகத்தையும் பார்க்க எனக்கு என்னவோ போல இருந்தது. ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, “நிதானமான ஆளுங்களாப் பொறுக்கி எடுத்திருக்கேன். என் பேரக் காப்பாத்துங்க” என்று சொன்னேன். சொல்லிவிட்டேன். அதனால் யாருக்கு என்ன நஷ்டம்?

பிறகு ஆறு பேரும் வாத்தியங்களைத் துடைத்து, பெட்டியில் வைத்து, அட்டையில் பெயர் எழுதிக் கட்டி ஒப்படைத்தார்கள். முனிரத்தினம்தான் கடைசி. கிளாரினெட்டை ஒவ்வொரு துண்டாகக் கழற்றித் துடைத்தான். அவ்வளவு பொறுமை அவனிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.

“சாப், என் பேரு மொதல்ல இருந்துச்சுங்களே” என்றான்.

“யாராவது முதல்ல இருக்கணும்ல.”

சல்யூட் அடித்தான். அதையும் முந்தித்தான் அடித்தான். நான் அவன் பக்கம் முழுசாகத் திரும்பக்கூட இல்லை.

17 செப்டம்பர், வெள்ளி

காலை ஆறரைக்கு லாரி கிளம்பியது. வழியனுப்ப பாண்டு ஒரு அணிநடைப் பாட்டு வாசித்தது. லாரியில் இருந்த ஆறு பேரும் தொடையில் தட்டித் தங்கள் தங்கள் பகுதியை வாசித்துக்கொண்டே போனார்கள். லாசர் வாசிப்பில் எப்போதும் இல்லாத ஒரு பிசிறு. கேட்டதற்கு, உதடு குளிரில் வெடித்துவிட்டது என்றான்.

18 செப்டம்பர், சனி

ஒத்திகை. இன்று யாரும் முந்தவில்லை. சுத்தமாக இருந்தது.

6 அக்டோபர், புதன்

முனிரத்தினத்திடமிருந்து ஒரு கார்டு. எனக்குக் கார்டு எழுதும் அளவுக்கு என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே படித்தேன். மணல் மூட்டையை ஸ்ட்ரெச்சரில் வைத்து மேட்டில் ஏற்றிப் பழக்குகிறார்களாம். முதலில் இரண்டு தடவை விழுந்தானாம், இப்போது பரவாயில்லையாம். “தங்கள் நம்பிக்கையைக் காப்பாற்றுவேன். கிளாரினெட் ரீடைக் காயாமல் பார்த்துக்கொள்ளவும்” என்று முடித்திருந்தான்.

ரீடு என்பது வாத்தியத்தின் ஊதும் முனையில் கட்டும் மெல்லிய நாணல் தட்டை. வாசிக்காமல் வைத்தால் காய்ந்து வளைந்துவிடும். ஸ்டோருக்குப் போய்ப் பார்க்க நேரம் இல்லை. பதில் போட வேண்டும்.

24 அக்டோபர், ஞாயிறு

இப்படி ஒரு நாளுக்குத்தான் இருபத்தாறு வருஷம் காத்திருந்தேன்.

மெதுவாக அடி வைக்கும் அணிநடையான மெது நடையில் ஒரு காலடி பிசகவில்லை. லாசர் தனியாக வாசித்தபோது மைதானத்தைச் சுற்றி இருந்தவர்கள் மூச்சு விட்டார்களா என்றுகூடத் தெரியவில்லை. மூன்றாம் கிளாரினெட் இடத்தில் இரண்டு பேர்தான் இருந்தார்கள், மூன்றாவது ஆள் இல்லாதது யாருக்கும் தெரியவில்லை. ஜெனரல் கை கொடுத்தார். “இவ்வளவு சுத்தமான வாசிப்பை நான் கேட்டதில்லை” என்றார். கர்னல் என்னைப் பார்த்துச் சிரித்தார். சந்தோஷத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை எழுத வெட்கம் இல்லை.

பொன்னுரங்கம் கை கொடுத்தார், ஆனால் ஒன்றும் சொல்லவில்லை. பொறாமை என்று வைத்துக்கொள்கிறேன்.

19 நவம்பர், வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது. சுபேதார் ஞானாபரணம். கிரேஸ் தானே உட்கார்ந்து தோள்பட்டையில் இரண்டாவது நட்சத்திரத்தைக் குத்தினாள். முந்திரிக்கொத்து செய்து பாண்டு முழுக்க அனுப்பினாள். பாத்திரத்தை எடுத்துக் கட்டும்போது, “ஆறு பேருக்கு மிச்சம் இருக்கு. பார்சல்ல அனுப்பினா கெட்டுப் போவுமோ?” என்று கேட்டாள். கெட்டுப் போகும் என்றேன்.

முனிரத்தினத்தின் கார்டுக்கு இன்னும் பதில் போடவில்லை.

4 டிசம்பர், சனி

சண்டை தொடங்கிவிட்டது. ரேடியோவைச் சுற்றிப் பாண்டு முழுக்க நிற்கிறது. நான் ஒத்திகைக்கு விசில் ஊதினேன். வந்தார்கள், வாசித்தார்கள். என்ன வாசித்தோம் என்று இப்போது ஞாபகம் இல்லை.

9 டிசம்பர், வியாழன்

ஸ்டோருக்குப் போய் ஆறு பெட்டிகளையும் பார்த்துவிட்டு வந்தேன். கிளாரினெட் பெட்டியைத் திறந்து ரீடைத் தண்ணீரில் நனைத்து வைத்தேன். ஓரம் லேசாக வளைந்துதான் இருக்கிறது.

13 டிசம்பர், திங்கள்

தந்தி. முனிரத்தினம். பத்தாம் தேதி.

14 டிசம்பர், செவ்வாய்

ஒத்திகை இல்லை. கிரேஸ் கேட்டாள்: “யாரு அந்தப் பையன்? நீங்க எப்பவும் திட்டிக்கிட்டே இருப்பியளே, அவனா?” ஆமாம் என்றேன். “ஏங்க, அந்த லாசரு மாதிரி நெடுநெடுன்னு இருக்கிறவனயெல்லாம் விட்டுட்டு அவன எதுக்கு அனுப்புனிய?” என்றாள். அவள் வேறு எதையும் நினைத்துக் கேட்கவில்லை. நான் கோபப்பட்டேன். பாதித் தட்டில் எழுந்துவிட்டேன்.

17 டிசம்பர், வெள்ளி

நேற்று சண்டை முடிந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம். பெரிய மைதானத்தில் பாண்டு வாசித்தது, ஜவான்கள் ஆடினார்கள், கர்னல்கூட இரண்டு அடி போட்டார். நான் பாண்டை நடத்தும் கோலைத் தூக்கி நின்றேன். முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொள்வது எங்கள் தொழிலில் ஒரு பகுதி. கழுத்து வலிக்கிறது.

9 ஜனவரி 1972, ஞாயிறு

பெரியநாயகம் லீவில் வந்திருக்கிறான். இடது கையில் கட்டு. ஹார்ன் வாசிக்கும் கை. இரண்டு விரல் இனி மடங்காதாம். பாண்டு அறை வாசலில் வெயிலில் உட்கார வைத்து டீ கொடுத்தோம். என்ன நடந்தது என்று நானும் பொன்னுரங்கமும் கேட்டோம். நான் கேட்கவில்லை, பொன்னுரங்கம்தான் கேட்டார்.

“விசில் அடிச்சப்புறம்தான் போகணும்னு உத்தரவு சாப். குண்டு விழறது நிக்கல. முனிரத்தினம் அதுக்குள்ள எழுந்து ஓடிட்டான். ஸ்ட்ரெச்சரோட மறுமுனை நான், பின்னால போகாம என்ன செய்யறது? மொத ஆளக் கொண்டாந்து சேத்துட்டோம். அந்த ஆளு பொழச்சுட்டாரு. டாக்டரு, இன்னும் பத்து நிமிஷம் போயிருந்தா கஷ்டம்னாரு.”

“அப்புறம்?”

“ரெண்டாவது ஆளு நல்ல கனம் சாப். ஏத்தம் வேற. இவன் தோளு தாங்கல. ஒரு தடவ இறக்கி வெச்சான், மறுபடி தூக்குனோம். இன்னும் நாப்பது அடிதான். ‘அண்ணே, ஒரே ஒரு நிமிஷம்’னு மறுபடி இறக்கி வெச்சான். அப்பதான் விழுந்துச்சு.”

டீ கிளாசைக் கீழே வைத்தான். பொன்னுரங்கம் என்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை.

15 ஜனவரி, சனி

பொங்கல் லீவு. அட்ஜுடன்ட் சாப் ஒரு குறிப்பு எழுதித் தரச் சொன்னார். அடுத்த வாரம் ஞாயிறு நினைவுத் தூணில் மலர்வளையம் வைக்கிறார்கள், இறந்தவர்களின் குடும்பங்கள் வருகின்றன. ஒவ்வொருவரைப் பற்றியும் நாலு வரி தமிழில் படிக்க வேண்டும்.

முதலில் எழுதியது: “முனிரத்தினம் மூன்றாம் கிளாரினெட் வாசித்தார்.” அது ரொம்ப மொட்டையாக இருந்தது. கடைசியில் எழுதியது: “எங்கள் பாண்டின் மிகச் சிறந்த வாசிப்பாளர்களில் ஒருவர்.” பெற்றவர்கள் மனம் குளிரட்டுமே. நல்லதுக்குத்தான் எழுதினேன் என்று இங்கே எழுதி வைக்கிறேன். நம்புவதற்காக ஒரு தடவை படித்தும் பார்த்தேன்.

23 ஜனவரி, ஞாயிறு

இன்று நடந்ததை ஒன்று விடாமல் எழுத வேண்டும்.

காலை ஒன்பது மணிக்கு நினைவுத் தூண் முன் அணி நின்றது. டிரம்மில் கறுப்புத் துணி. நான் நாலு வரியைப் படித்தேன். குரல் நன்றாகவே வந்தது. லாசர் கடைசி வணக்க இசையை ஊதினான், இந்தத் தடவை பிசிறு இல்லை. வழக்கப்படி, வரும்போது மெது நடை, திரும்பும்போது விரைவு நடை. துக்கத்தைத் தூணிலேயே விட்டுவிட்டு வேலைக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். திரும்பினோம்.

பாண்டு அறைக்கு வந்து தொப்பியைக் கழற்றும்போது வாசலில் ஒரு பெரியவர் நின்றார். வேட்டி, தோளில் துண்டு, குளிருக்கு யாரோ கொடுத்த பட்டாளத்து ஸ்வெட்டர். ஒல்லி. தோள் அதே தோள். யார் என்று அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“நான் முனிரத்தினத்தோட நைனாங்க. பச்சையப்பன். ஆர்க்காட்டுப் பக்கம். கெணறு வெட்ற வேல.”

நாற்காலி போட்டேன். உட்காரவில்லை, சுவரோரம் இருந்த பெஞ்சியில் உட்கார்ந்தார். அவன் தாய் வரவில்லையா என்று கேட்டேன். “மல பஸ்ஸுல ஏறுனா அவளுக்குத் தல சுத்துங்க” என்றார். பிறகு ஸ்வெட்டருக்குள் கைவிட்டு ஒரு கடிதத்தை எடுத்தார்.

“போஸ்ட்மேன் படிச்சிக் காட்னாருங்க. எனக்குப் படிப்பு இல்ல. இதுல உங்களப் பத்தி எழுதிகிறான். உங்க வாயால ஒருவாட்டி கேக்கணும்னு எடுத்தாந்தேன்.”

நான் வாங்கிப் படித்தேன். சத்தமாகப் படிக்க வேண்டியிருந்தது.

“நைனாவுக்கு முனிரத்தினம் எழுதிக்கொள்வது. நாங்கள் சண்டை இடத்துக்குப் போகிறோம். பயப்பட வேண்டாம். பாண்டு மாஸ்டர் ஆறு பேரைப் பொறுக்கி எடுத்தார். முதல் பேர் என் பேர். நிதானமான ஆட்கள் என்று எல்லார் முன்னாலும் சொன்னார். ஐந்து வருஷத்தில் என்னைத் திட்டாமல் அவர் என் பேரைச் சொன்னது இதுதான் முதல் தடவை. ஆத்தாவிடம் சொல்லவும்.”

கடைசி வரி வரை படித்து முடித்தேன். பெரியவர் தலையை ஆட்டினார்.

“அவன் ஆத்தா இத்த ஊரு பூரா சொல்லிகினு கெடந்தாங்க.” துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “காலைல நீங்க படிச்சீங்களே, ரொம்ப நல்லா வாசிப்பான்னு. அவன் வாசிச்சத நான் கேட்டதே இல்ல. வாத்தியத்த ஊருக்கு எடுத்தார உடமாட்டீங்களாமே. அவன் இன்னா வாசிச்சான்னு கேக்கணுங்க.”

மாட்டேன் என்று சொல்ல ஒரு வழியும் இல்லை. ஸ்டோருக்குப் போய்ப் பெட்டியை எடுத்து வந்தேன். அட்டையில் அவன் கையெழுத்து. அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். கிளாரினெட்டின் துண்டுகளைப் பொருத்தினேன். நான் கார்னெட் ஆள்தான், ஆனாலும் பாண்டு மாஸ்டருக்கு எல்லா வாத்தியமும் கொஞ்சம் வர வேண்டும். அந்த வளைந்த ரீடை நாக்கில் நனைத்தேன். மெது நடையில் வரும் முதல் கிளாரினெட் பாட்டை வாசித்தேன். அழகான பாட்டு. யாருக்கும் பிடிக்கும்.

அவர் மரியாதையாகக் கேட்டார். முடிந்ததும் தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டார்.

“நல்லாகீதுங்க. ஆனா இது அவன் வாசிச்சது இல்லீங்களே.”

நான் கிளாரினெட்டை இறக்கினேன்.

“லீவுல வந்தா வாயாலயே வாசிச்சிக் காட்டுவாங்க. அவன் ஆத்தா திட்டுவா, சோத்தத் துன்னுடான்னு. ‘ம்-ப, ம்-ப’ன்னு ரெண்டே சத்தந்தான். ‘இது இன்னாடா பாட்டு’ன்னு கேட்டா, ‘நைனா, நா உட்டா மத்தவனுக்கு நடக்க வராது’ம்பான்.”

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது எனக்கு. மூன்றாம் கிளாரினெட் பகுதியை எடுத்து ஸ்டாண்டில் வைத்தேன். அது எனக்கு மனப்பாடம், தாள் எதற்கு? கைக்கு ஒரு வேலை வேண்டும் என்றுதான் வைத்தேன். வாசித்தேன். தனியாகக் கேட்டால் அதில் ஒன்றும் இல்லை. இரண்டு சுரம், நடுவில் இடைவெளி. பெரியவர் தன் தொடையில் விரலால் ‘டம்’ போட ஆரம்பித்தார். அவர் தட்டுவதற்கும் அடுத்த தட்டுக்கும் நடுவில் நான் வந்தேன். சரியாக, அளந்து வைத்த மாதிரி.

பாதியில் நிறுத்திவிட்டேன்.

“ஐயா,” என்றேன். இருபத்தாறு வருஷத்தில் மேலதிகாரி அல்லாத ஒருவரை நான் அப்படிக் கூப்பிட்டது இல்லை. “பட்டியலை நான்தான் எழுதினேன். நிதானமான ஆள்னு எழுதல. அவன் இல்லாட்டி வாசிப்புல எதுவும் குறையாதுன்னுதான் அவன் பேரை எழுதினேன். தூக்குறதுக்குத் தோளு உள்ளவன் ஒருத்தன் தானா வந்து கேட்டான். அவனை நான் விடல. எனக்கு ஒரு அணிவகுப்பு இருந்துச்சு. இந்த நட்சத்திரத்துக்காக.”

சொல்லிவிட்டு நின்றேன். அவர் திட்ட வேண்டும் என்று இருந்தது. எழுந்து ஒரு அறை விட்டிருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

அவர் என் தோளைப் பார்த்தார். நட்சத்திரத்தை எண்ணுகிறவர் மாதிரி கொஞ்ச நேரம் பார்த்தார்.

“இது அவனுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

கடிதத்தைக் கேட்டு வாங்கினார். பழைய மடிப்பிலேயே மடித்து ஸ்வெட்டருக்குள் வைத்தார்.

“நீங்க சொன்னத நா ஊருக்கு எடுத்துகினு போவ மாட்டேங்க. அவ ஆத்தாகாரி, தாங்க மாட்டா. நீங்களே வெச்சிகங்க.”

கிரேஸ் அனுப்பிய காப்பி பெஞ்சியில் ஆறிக் கிடந்தது. அவர் அதைத் தொடவில்லை. போய்விடுவார் என்று நினைத்தேன். எழவில்லை.

“இன்னொருவாட்டி வாசிங்க. ஆனா இப்ப வாசிச்சது அவன மாரி இல்ல. அவன் கொஞ்சம் முந்தி வருவான்.”

நான் அவரைப் பார்த்தேன்.

“பத்து வயசுலயே அவன எங்கூடக் கெணத்துல எறக்கிட்டேங்க. மேலேர்ந்து கல்லு கில்லு விழுந்தா, சத்தம் கேட்டப்புறம் நவுந்தா செத்தான். சத்தத்துக்கு முந்தி நவுரணும். நாந்தான் அப்பிடிப் பழக்கனேன். எதுக்கும் முந்திக்குவான். முந்தி வாசிங்க.”

அவர் தொடையில் தட்டினார். முதல் இரண்டு தடவை எனக்கு வரவில்லை. தாளத்தில் நிற்பதற்கென்றே பழகிய உதடு முந்த மறுத்தது. மூன்றாம் தடவை, அவர் விரல் கீழே இறங்கியதுமே, இடைவெளிக்குக் காத்திராமல் ஊதினேன். ஒரு மயிரிழை. ஐந்து வருஷம் நான் கத்திய அதே மயிரிழை.

“அதாங்க,” என்றார். “அதான் அவன்.”

கண்ணை மூடிக்கொண்டார். மெது நடை முழுவதையும் அப்படியே வாசித்தேன், கடைசிப் பக்கம் வரைக்கும். அவர் ஒரு தட்டைக்கூட விடவில்லை. முடிந்ததும் எழுந்தார், கிளாரினெட்டை ஒரு தடவை தடவினார், என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் வெளியே போனார். இரண்டு மணி பஸ்ஸுக்குப் பொன்னுரங்கம்தான் கூட்டிப்போய் ஏற்றிவிட்டார்.

24 ஜனவரி, திங்கள்

அட்ஜுடன்ட் சாபிடம் போய் செப்டம்பர் பட்டியலை எப்படி எழுதினேன் என்று சொன்னேன். “அதெல்லாம் முடிஞ்சு போச்சு சுபேதார் சாப், யாரைப் போட்டிருந்தாலும் யாரோ ஒருத்தர்” என்றார். நல்ல மனிதர். ஆறுதல் சொல்கிறார். எனக்கு ஆறவில்லை. லாசரைக் கூப்பிட்டு அவனிடமும் சொன்னேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே, “எனக்குத் தெரியும் சாப்” என்றான்.

31 ஜனவரி, திங்கள்

நட்சத்திரம் வராதிருந்தால் இன்று பெட்டியைக் கட்டியிருப்பேன்.

காலையில் ஒத்திகை, மெது நடை. மூன்றாம் கிளாரினெட் வரிசையில் இன்னும் இரண்டு பேர்தான். நாலாவது வரியில், மூன்றாம் கிளாரினெட்டின் ‘ப’ தொடங்கும் இடத்தில், என் கை தானாக நின்றுவிட்டது. முப்பது பேரும் நிறுத்திவிட்டு, எங்கே தவறு என்று தாளைப் பார்த்தார்கள். தவறு எதுவும் இல்லை. எல்லாரும் சரியாகத்தான் வந்திருந்தார்கள்.

“முதல்லேர்ந்து” என்றேன். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. மூன்றாம் தடவை, லாசர் கார்னெட்டை மடியில் வைத்துவிட்டு, நாலாவது வரி வந்தபோது காலால் தரையில் ஒரு தட்டுத் தட்டினான். ஒரு மயிரிழை முந்தி. நான் கோலை இறக்காமல் அணிநடையைக் கடைசி வரைக்கும் நடத்தி முடித்தேன்.